மீசையும் தலைப்பெழுத்தும்: 'கோல்மால்', 'தில்லுமுல்லு' – ஓர் ஒப்பீடு

ஒரு மொழியில் தோன்றிய நூலைப் பிறிதொரு மொழியில் ஆக்குவதை வழிநூலின் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் வைக்கிறது. வழிநூல் என்பது குறைவான நூல் என்னும் பொருள் அங்கு இல்லை. ஆயினும் திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது இந்த நடுநிலை நமக்கு வாய்ப்பதில்லை. மறுஆக்கப் படத்தை மூலத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்து, ஒட்டியிருந்தால் 'நகல்' என்றும் விலகியிருந்தால் 'சிதைவு' என்றும் கூறுவதே வழக்கமாகிவிட்டது. இவ்விரு தீர்ப்புகளுள் எது நேர்ந்தாலும் மறுஆக்கத்திற்கு உய்வில்லை. இந்திய மொழிகளுக்கிடையே நூல் வழியாக நடக்கும் கொடுக்கல் வாங்கலைவிடப் படங்களின் வழியாக நடப்பது பன்மடங்கு மிகுதி என்பதை நினைத்தால், இவ்வகைத் தீர்ப்புகள் எத்துணைப் பெரிய பரப்பை ஆராயாமல் விட்டுவிடுகின்றன என்பது விளங்கும்.

நகைச்சுவைப் படத்தில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. அழுகை எளிதில் மொழி கடக்கும். நகைப்பு அவ்வாறு கடப்பதில்லை. ஒரு பெயரைக் கேட்டதும் எழும் புன்முறுவல், ஒரு சொல்லின் மிகை மரியாதையால் தோன்றும் எள்ளல், ஒரு முகத்தைப் பற்றி அவையோர் முன்பே கொண்டுள்ள எண்ணம் ஆகியவற்றின் மேல்தான் நகை நிற்கிறது. இவை மூன்றும் மொழிக்கு மொழி மாறுபவை. இம்மூன்றும் ஒரு படத்தில் எவ்வாறு இடம் மாற்றப்பட்டன என்பதை இருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய 'கோல்மால்' (1979) என்னும் இந்திப் படத்தையும், அதனைத் தழுவிக் கே. பாலசந்தர் இயக்கிய 'தில்லுமுல்லு' (1981) என்னும் தமிழ்ப் படத்தையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கதை இரு படங்களுக்கும் ஒன்றே. வேலை தேடும் இளைஞன் ஒருவன், பழமைப் பற்று மிக்க முதலாளி ஒருவரிடம் நேர்காணலுக்குச் செல்கிறான். மீசை இல்லாத ஆண்மகனை நம்பக்கூடாது என்பது அம்முதலாளியின் கொள்கை. விளையாட்டு, திரைப்படம் முதலியவற்றில் நாட்டமுள்ள இளைஞர்களையும் அவருக்குப் பிடிக்காது. அவர் விரும்பும் வடிவில் தன்னை அமைத்துக்கொண்டு இளைஞன் வேலை பெறுகிறான். பின்னர்த் தாய்க்கு நோய் எனப் பொய் கூறி விடுப்பெடுத்து விளையாட்டுப் பார்க்கச் சென்று, அங்கே முதலாளியின் கண்ணில் பட்டுவிடுகிறான். மைதானத்தில் இருந்தவன் மீசையில்லாத தன் இரட்டைத் தம்பி என்று மற்றொரு பொய்யைக் கட்டுகிறான். அப்பொய்யைக் காப்பதற்காக உண்மை மீசையை இழந்து ஒட்டுமீசை பூண வேண்டியவனாகிறான். இல்லாத தம்பி முதலாளியின் மகளுக்கு இசை கற்பிக்கும் ஆசிரியனாகிறான். இறந்துபோன தாய்க்கு மாற்றாக ஒருத்தி நடிக்க வருகிறாள். சைலேஷ் தேயின் கதைக்கு இந்தியில் உரையாடல் எழுதியவர் ராஹி மாசூம் ராஜா. தமிழில் உரையாடல் எழுதியவர் விசு. ஹாக்கிப் போட்டி தமிழில் கால்பந்துப் போட்டியாயிற்று என்பது போன்ற மாற்றங்கள் பல உள. அவை பெரும்பாலும் மேலோட்டமானவை, விரிக்க வேண்டுவதில்லை.

தலைப்பைப் பற்றி ஒரு சொல். 'கோல்மால்' என்பது குழப்பம், முறைகேடு என்னும் பொருள்களில் வழங்குவது. யார் செய்தார் என்ற குற்றச்சாட்டு அதில் அழுத்தம் பெறுவதில்லை. 'தில்லுமுல்லு' என்பதோ செய்தவன் ஒருவனைச் சுட்டி நிற்கும் சொல். சூது என்னும் கடுமை இல்லாமல், கையும் களவுமாகப் பிடிபட்டவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லத்தக்க எதுகைச் சொல். கோல்மால் என்னும் சொல்லும் தமிழ்ப் பேச்சில் புகுந்து வழங்குவதுதான். அதனையே வைத்துக்கொள்ளாமல் வேறு சொல்லைத் தேர்ந்ததில் ஒரு முடிவு இருக்கிறது. நிகழ்ச்சியின் குழப்பத்திலிருந்து ஆளின் திறமைக்குக் கவனத்தைத் திருப்பும் முடிவு அது. படம் முழுவதும் இம்முடிவே தொழிற்படுகிறது.

பெயர்

இந்திப் படத்தின் தலைவன் பெயர் ராம்பிரசாத் தசரத்பிரசாத் சர்மா. தன் பெயர், தந்தை பெயர், குலப்பெயர் என மூன்றும் அடங்கிய இவ்வமைப்பு பம்பாய்ப் பகுதியின் வழக்கோடு ஒத்தது. இப்பெயரில் ஒரு கதை முன்பே இருக்கிறது. தசரதன் மகன் இராமன். இராமனுக்குத் தம்பி வேண்டுமெனில் இலக்குமணன் அல்லாது வேறு யார்? இளைஞன் தன் தம்பிக்கு லட்சுமண்பிரசாத் என்று பெயரிட்டு, அதனையே 'லக்கி' எனச் சுருக்கும்போது, பழமைப் பற்றுள்ள முதலாளியை அப்பழமையின் மிகப் புனிதமான உடன்பிறப்புப் பெயர்களைக் கொண்டே ஏமாற்றுகிறான். பொய்யை நம்பவைப்பது அவன் நாவன்மை மட்டுமன்று. முதலாளியின் மனத்தில் உள்ள இதிகாசமே அவனுக்குச் சான்று கூறுகிறது.

தமிழில் இப்பெயர் 'அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்' ஆகிறது. தமிழ்ப் படத்தின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுவே என்பது என் கருத்து. தமிழருக்கு வட இந்திய முறைக் குலப்பெயர் இல்லை. 1929-இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டுக்குப் பின்னர்ச் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்குவது பொதுவாழ்வில் மெல்ல மெல்ல வழக்காயிற்று. எஞ்சி நின்றது தலைப்பெழுத்து. அதுவோ ஒருவன் யார் என்பதைச் சொல்வது போலத் தோன்றி, உண்மையில் மறைத்து வைக்கும் இயல்புடையது. புள்ளி வைத்த ஓர் எழுத்துக்குள் ஊரும் குடும்பமும் ஒளிந்துகொள்ளும். இவ்வொளிப்பை விரித்துக் காட்டுவதே சந்திரன் தன் முதலாளிக்குச் செலுத்தும் காணிக்கை. தஞ்சை வட்டாரத்து ஊர், செந்தமிழ் மணக்கும் ஒரு பெயர், சோழநாட்டுச் சிற்றூர்களில் எங்கும் கேட்கத்தக்க கலியபெருமாள் என அடுக்கிக்கொண்டு வந்து, இறுதியில் இரண்டு மூன்று அசைகளே கொண்ட 'சந்திரன்' என்று முடியும்போது, நீண்ட ஊர்வலத்தின் கடைசியில் சிறுபிள்ளை ஒருவன் நடந்து வருவது போன்ற நகை தோன்றுகிறது. இந்நகை இந்தி மூலத்தில் இல்லை; இருக்கவும் இயலாது.

ஆனால் இங்கு ஒன்றை இழந்தும் இருக்கிறோம். 'சர்மா' என்ற சொல் காதில் விழுந்த அளவிலேயே பவானிசங்கர் அறிய வேண்டியதை அறிந்துகொள்கிறார். பழக்கவழக்கம், பண்பாடு, மீசை என்று அவர் பேசுவனவற்றின் அடியில் குலத்தைப் பற்றிய ஒரு மனநிறைவும் இருக்கக்கூடும் என்ற ஐயத்தை மூலம் எழுப்புகிறது. எழுப்பிவிட்டு, அதை அழுத்தாமல் விட்டுவிடுகிறது. தமிழில் இவ்வையத்திற்கே இடமில்லை. அய்யம்பேட்டையும் கலியபெருமாளும் வட்டாரத்தைக் காட்டுமேயன்றிச் சாதியை வெளிப்படையாகக் கூறா. தமிழ்ப் பொதுவாழ்வின் நல்லதொரு நாகரிகம் தமிழ்ப் படத்தின் சமூகக் கூர்மையைச் சிறிது மழுங்கச் செய்தது எனலாம். நாகரிகம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. முதலாளியின் விருப்பு வெறுப்புகள் இங்கே தனிமனிதக் கிறுக்காக மட்டுமே எஞ்சுகின்றன என்பதே சுட்டத்தக்கது.

இன்னொரு மாற்றமும் வியப்புக்குரியது. மூலத்தில் பொய்யனுக்கு உரியதாயிருந்த இராமன் பெயர், தமிழில் ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி என முதலாளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பொய்யனும் அவன் தம்பியும் சந்திரன், இந்திரன் ஆயினர். புராணத்தில் இவ்விருவர் பெயரும் நற்பெயரல்ல. ஒருவன் முனிவர் வடிவம் கொண்டு அவர் மனைக்குள் புகுந்தவன். மற்றவன் குருவின் மனைவியைக் கவர்ந்தவன். வேடம் புனைந்து பெரியவர் வீட்டுக்குள் நுழையும் ஒருவனுக்கு இவற்றைவிடப் பொருத்தமான பெயர்கள் கிடைப்பது அரிது. இதை ஆக்கியோர் எண்ணியே செய்தனரா, எதுகைக்காகவே அமைந்ததா என்பது வேறு. விளைவு ஒன்றே: இந்தியில் இதிகாசம் பொய்க்குத் துணை நிற்கிறது, தமிழில் புராணம் பொய்யைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது, கேட்பவர்தாம் கவனிப்பதில்லை.

மொழிநடை

ராம்பிரசாத் முதலாளியிடம் பேசுவது வடசொல் மிகுந்த தூய இந்தி. லக்கி பேசுவது பம்பாய் இளைஞரின் கலப்பு மொழி. சொற்களின் தேர்வே இருவரையும் பிரித்துவிடுகிறது. மூலத்தின் நகைச்சுவையில் செம்பாதி இவ்வேறுபாட்டில் இருக்கிறது. முகர்ஜிக்கு இது புதிதன்று. 'சுப்கே சுப்கே' (1975) படத்தில் தாவரவியல் பேராசிரியர் ஒருவரைக் காரோட்டியாக வேடமிடச் செய்து, தூய இந்தியையே முழுப்படத்தின் நகைக்கும் பொருளாக்கியவர் அவர். உரையாடல் எழுதிய ராஹி மாசூம் ராஜா உருது மரபில் வந்தவர்; பின்னாளில் தொலைக்காட்சி 'மகாபாரத'த்திற்கு (1988–90) வடமொழி நிறைந்த உரையாடலை எழுதியவரும் அவரே. தூய இந்தியின் கம்பீரத்தையும் அதன் நகைக்கிடமான நிலையையும் ஒருங்கே அறிந்த கை அது.

இதனைத் தமிழில் எவ்வாறு கொண்டுவருவது? தூய இந்திக்குத் தூய தமிழ் நேராகாது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் தூய தமிழ் மேடைப் பேச்சையும் மொழியியக்கத்தையும் சீர்திருத்தத்தையும் நினைவூட்டுவது. பழமைப் பற்றை அன்று. வடசொல் மிகுந்த தமிழோ ஒரு சிறு பிரிவினரின் பழைய நடையாகக் கருதப்படுவது. ஆகவே 'மரபில் ஊறிய நல்லிளைஞன்' என்பதைச் சொற்களஞ்சியத்தால் மட்டும் காட்டத் தமிழில் வழியில்லை. 'தில்லுமுல்லு' இவ்விடத்தில் சொல்லை விட்டுப் பணிவைப் பற்றிக்கொள்கிறது. சந்திரனின் இழுத்த பேச்சும் குழைவும் குனிந்த தோளும் மூலத்தில் தற்சமச் சொற்கள் செய்த வேலையைச் செய்கின்றன. இந்திரனோ நிமிர்ந்து நின்று வேகமாகப் பேசுகிறான். சொல்லிலிருந்து உடலுக்கு மாறிய இம்மாற்றம் மொழி பற்றி அறிந்தவர் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று. மொழிபெயர்ப்பில் நிகரன் கிடையாதபோது நிகரனை அகராதிக்கு வெளியே தேடலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மீசையும் முகமும்

இரு படங்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு நடிகரின் முகத்தில் இருக்கிறது. அமோல் பாலேகர் 'ரஜனிகந்தா' (1974), 'சித்சோர்' (1976) ஆகிய படங்களின் வழியாக, பேருந்துக்குக் காத்து நிற்கும் நடுத்தர வகுப்பு மனிதனின் முகமாக அறியப்பட்டவர். அம்முகத்தில் மீசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்போர்க்கு ஒன்றே. எனவே மூலத்தில் மீசை பற்றிய பித்து முழுவதும் பவானிசங்கரின் கண்ணில் மட்டுமே இருக்கிறது. அவரைத் தவிர எவர்க்கும் அது பொருட்டன்று. அதனால்தான் அவர் நகைக்கு இடமாகிறார்.

ரஜினிகாந்தின் முகம் அத்தகையதன்று. 1980-இல் 'பில்லா', 'முரட்டுக்காளை' ஆகியவை வெளிவந்து, அவருடைய நடை, பேச்சு, மீசை யாவும் அவையோர்க்கு மனப்பாடமாகியிருந்த காலத்தில், 1981 மே மாதத்தில் வந்த படம் 'தில்லுமுல்லு'. தமிழ்த் திரையில் மீசை ஆண்மையின் அடையாளம் என்ற எண்ணம் ஸ்ரீராமச்சந்திரமூர்த்திக்கு மட்டும் உரியதன்று. கொட்டகையில் அமர்ந்திருந்த பல்லாயிரவர்க்கும் உரியது. ஆதலின் அவர் கொள்கையைக் கேட்டுச் சிரித்த அவை, சிரித்துக்கொண்டே தன் கொள்கையையும் கேட்டது. மூலத்தில் ஒருவரின் கிறுக்காயிருந்தது தமிழில் ஊரின் கிறுக்காகிவிட்டது. பெயரைப் பொறுத்தமட்டில் சமூகக் கூர்மையை இழந்த தமிழ்ப்படம், மீசையைப் பொறுத்தமட்டில் அதனைத் திரும்பப் பெறுகிறது என்பது என் துணிபு.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. மீசையுள்ள சந்திரன் அடக்கமானவன். மீசையற்ற இந்திரனே துடுக்கும் விரைவும் ஒயிலும் உடையவன். அதாவது ரசிகர்கள் ரஜினிகாந்திடம் எதிர்பார்த்து வந்த செயல்கள் அனைத்தும், அவர்கள் அதுவரை அறிந்திராத ஒரு வெறும் முகத்திற்கு வழங்கப்பட்டுள்ளன. அவர்கள் அறிந்த முகமோ கைகட்டி நிற்கிறது. நட்சத்திரத்தின் ஆற்றல் மீசையில் இல்லை என்பதைப் படம் பேசாமலேயே மெய்ப்பித்துவிடுகிறது. பாலேகரைக் கொண்டு இவ்வாய்வை நடத்தியிருக்க முடியாது. இழப்பதற்கு அவரிடம் மீசை இருந்ததேயன்றி மீசையைப் பற்றிய புகழ் இருக்கவில்லை.

மூலத்தில் ஒரு கனவுப் பாட்டு வருகிறது. ராம்பிரசாத் தன்னைப் பெரிய திரைநட்சத்திரமாகக் கனவு காண்கிறான். அக்கனவில் அமிதாப் பச்சன் புகழிழந்து நிற்பவராகத் தாமே தோன்றுகிறார். எளியவன் நட்சத்திரமாகக் கனவு காண்பது இந்திப்படம். நட்சத்திரம் எளியவனாக நடிப்பது தமிழ்ப்படம். பச்சனின் 'டான்' (1978) படத்தைத் தழுவிய 'பில்லா'வில் நடித்து முடித்தவரே இங்குத் தலைவன் என்பதால், அக்கனவு தமிழில் பொருளற்றுப் போயிருக்கும். மூலத்தின் தர்க்கத்தைத் தலைகீழாக்கியே தமிழ்ப்படம் அதற்கு உண்மையாக இருக்க முடிந்தது.

தமிழ்த் திரையின் மரபு ஒன்றையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். என்.எஸ். கிருஷ்ணன் தம் குழுவைக் கொண்டு நகைச்சுவைப் பகுதிகளைத் தனியே அமைத்துப் படங்களில் சேர்த்த காலம் முதல், தலைவன் வேறு, நகைப்பவன் வேறு என்ற பிரிவு இங்கு வேரூன்றியது. 'காதலிக்க நேரமில்லை' (1964) போன்ற விதிவிலக்குகளிலும் நாகேஷும் பாலையாவும் கூடிய இடமே உச்சம். காதலர்கள் அதற்கு வெளியே நின்றனர். அப்படம் இந்தியில் 'பியார் கியே ஜா' (1966) ஆனபோதும் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் அதே இடத்தை நிரப்பினர். அப்பிரிவும் உடன் சென்றது. 'தில்லுமுல்லு'வில் அது குலைகிறது. நகையின் பெரும்பாரத்தைத் தலைவனே சுமக்கிறான். நாகேஷ் நாகேஷாகவே வந்து, தலைவனுக்கு உதவிவிட்டு விலகிக்கொள்கிறார். மூலத்தில் தேவன் வர்மாவும் தாமாகவே வருகிறார் என்றாலும், நகைச்சுவை நடிகர் நகைச்சுவையைத் தலைவன் கையில் ஒப்படைத்துச் செல்வதாக அமையும் பொருள் தமிழுக்கே உரியது.

முதலாளியர் இருவர்

தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாகக் கூறும் நான்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. பேதைமைக்கும் மடனுக்கும் வேறுபாடு கூறுவர்: பிறர் அறிவுறுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருப்பது மடன். மீசைக் கொள்கையுடைய முதலாளி இம்மடனுக்கு உருவம். ஆனால் உத்பல் தத் காட்டும் மடனும் தேங்காய் சீனிவாசன் காட்டும் மடனும் ஒன்றல்ல.

உத்பல் தத் வங்க அரசியல் நாடகத்தில் தோய்ந்தவர். 'புவன் ஷோம்' (1969) படத்தில் இறுகிய அதிகாரி ஒருவர் மெல்ல நெகிழ்வதைக் காட்டியவர். அவருடைய பவானிசங்கர் முதலில் அஞ்சத்தக்கவர், பின்னரே நகைக்கத்தக்கவர். நீளம் குறைந்த குர்தாவை அணிந்து வந்த இளைஞன், அதனால் நாட்டுக்குத் துணி மிச்சமாகும் என்று விளக்கம் கூறும்போது, அவர் அதனை ஏற்றுக்கொள்ளும் கணத்தில் அறிவும் நேர்மையும் உள்ள ஒரு மனிதரின் வீழ்ச்சியைக் காண்கிறோம். வேலை கொடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருப்பதை நாம் ஒருபோதும் மறப்பதில்லை. ராம்பிரசாத்தின் பொய் வயிற்றுப்பாட்டிற்கான பொய் என்பதும் அதனால்தான் நினைவில் நிற்கிறது.

தேங்காய் சீனிவாசன் தமிழ் நாடக மேடையின் நகைச்சுவையாளர். திரையில் தோன்றிய கணத்திலேயே அவரிடம் நகையை எதிர்பார்க்கிறோம், அவரும் ஏமாற்றுவதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும், ஐயம் தோன்றி மறையும் கண்களும், உணர்ச்சிவயப்பட்டு உருகும் வேகமும் அளவுகடந்தவை. ஆனால் ஒரே அளவில் கடந்தவை. தமிழ்ப்படத்தின் மிகச் சிறந்த நடிப்பு அவருடையதே என்று கூறுவோர் உளர், மறுப்பது கடினம். எனினும் அஞ்சத்தக்க முதலாளி என்ற நிலை இங்கு எழவேயில்லை. பொய் சொல்லும் கட்டாயம் குறைந்து பொய் சொல்லும் இன்பம் மிகுகிறது. 'தில்லுமுல்லு' என்ற தலைப்பு தொடக்கத்தில் சுட்டிய திருப்பம் இதுவே.

தாயாக நடிக்க வரும் பெண்மணியின் பகுதியில் இரு படங்களும் ஏறத்தாழச் சமநிலை அடைகின்றன. குஜராத்தி நாடக மேடையிலிருந்து வந்த தீனா பாடக்கும், நாடகமும் திரையும் அறிந்த சௌகார் ஜானகியும் தம் வயதையும் மதிப்பையும் ஒருபுறம் வைத்துவிட்டு ஆடுகின்றனர். தமிழ்ப்படத்திற்கு ஒரு கூடுதல் சுவை உண்டு. கண்ணீர் வேடங்களால் நிலைபெற்ற சௌகார் ஜானகி பொய்த் தாயாக உருகும்போது, தமிழ்த் திரையின் தாய்ப்பாசக் காட்சிகள் அனைத்தும் மெல்லக் கேலிக்கு உள்ளாகின்றன. 'பாமா விஜயம்' (1967) எடுத்த இயக்குநருக்கு இது கைவந்த கலை.

மூலத்தின் முடிவு மறக்கவொண்ணாதது. குடும்பப் படத்திற்கு நிற்கும் பவானிசங்கர் மீசையை மழித்துவிட்டிருக்கிறார். தோற்றவர் அவர் என்பது மட்டும் அதன் பொருளன்று. பற்றியதை விட்டுவிட்டார் என்பதும் ஆகும்.

பின்வந்தவை

இக்கதை இவ்விரு படங்களோடு நிற்கவில்லை. கன்னடத்தில் 'ஆசெகொப்ப மீசெகொப்ப' (1990) எனத் தலைப்பிலேயே மீசையுடன் வந்தது. பத்ரி இயக்கத்தில் 2013-இல் 'தில்லுமுல்லு' என்ற பெயரிலேயே தமிழில் மீண்டும் எடுக்கப்பட்டபோது, மீசைக்கு மாற்றாகக் கண்ணின் நிறம் அண்ணன் தம்பியரைப் பிரித்தது. முருக பக்தி முதலாளியின் பித்தாயிற்று. மீசையை மழித்தவன் மதிப்பிழப்பான் என்று எவரையும் நம்பவைக்க அப்போது இயலாது போலும். மீசை போனதும் நகையின் ஆணிவேரும் போயிற்று. கண்ணின் நிறம் வேடத்தைக் காட்டுமேயன்றிக் கொள்கை எதனையும் காட்டாது.

இந்தியிலோ மாற்றம் வேறு திசையில் சென்றது. ரோகித் ஷெட்டியின் 'போல் பச்சன்' (2012) இதே கதையைத் தளர்வாகத் தழுவியது. அதில் வேலை தேடி வரும் இளைஞன் அப்பாஸ் அலி. பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டை உடைத்துக் குழந்தை ஒன்றைக் காப்பாற்றும் அவனுக்கு, ஊரார் சினத்திற்கு அஞ்சி, அவன் நண்பன் அபிஷேக் பச்சன் என்று பெயர் சூட்டுகிறான். மறைக்க வேண்டியது இங்கே மீசையன்று, பெயர். 'சர்மா' என்பது 1979-இல் எவரும் கேளாமலே சொல்லப்பட்டது. 33 ஆண்டுகள் கழித்து வந்த படத்தில் தன் பெயரைச் சொல்லாதிருப்பதே கதையின் தொடக்கமாகிறது. இடையில் வந்த தமிழ்ப்படத்தில் மட்டும் ஓர் இளைஞன் தன் தலைப்பெழுத்துகளை ஒவ்வொன்றாக விரித்துச் சொல்லி வேலை பெறுகிறான்.